சார்லமேனைப் போல் ஒரு ராஜா நமக்கு வேண்டுமா?



உங்களில் பலருடைய கைப்பேசிகளுக்கு அண்மையில் ஒரு செய்தி வந்திருக்கும். ஐரோப்பாவையே ஆண்டவருடைய பாதத்தில் கொண்டுவந்து வைத்த மாமன்னர் என்று சார்லமேனைப் புகழ்ந்துவிட்டு, அவரைப் போன்ற தேவபயமுள்ள ஓர் ஆட்சியாளரை நம்முடைய தேசத்துக்கும் தரும்படி உபவாசித்து ஜெபிக்கச் சொல்லும் செய்தி அது. நம்முடைய வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்புகளில் இதைச் சேர்க்கவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். சேர்ப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சபையார் எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. ஆகவே இந்த வாரத் தியானத்தை அதற்கே ஒதுக்குகிறேன். வழக்கத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும், பொறுமையாய் வாசியுங்கள்.

முதலில் அவருக்குச் சேரவேண்டிய புகழைக் கொடுத்துவிடுவோம். 768-இல் தம் சகோதரரோடு பிராங்கியரின் அரியணையைப் பகிர்ந்துகொண்டவர். 771-இல் சகோதரர் இறந்தபின் தனியரசர். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ரோமாபுரியில் போப் மூன்றாம் லியோவின் கையால் பேரரசராக முடிசூட்டப்பட்டவர். 814 ஜனவரியில் ஆகன் நகரில் மரித்தவர். போர்க்களத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் என்றாலும் கல்வியின் அருமையை உணர்ந்திருந்தார். மடங்களிலும் பேராலயங்களிலும் சிறுவர்களுக்குப் பள்ளிகள் வேண்டும் என்றும், பிழை மலிந்த வேதநூல் பிரதிகளைத் திருத்தவேண்டும் என்றும் 789-இல் அவர் விடுத்த ஆணை நன்றியோடு நினைக்கத்தக்கது. பிழையான புத்தகத்தை வைத்துக்கொண்டு சரியாக ஜெபிக்க விரும்புகிறவனும் தவறாக ஜெபித்துவிடுகிறான் என்ற கவலை அந்த ஆணையில் இருக்கிறது. இன்று ஆங்கிலப் புத்தகங்களில் நாம் காணும் சிறிய எழுத்துகளின் வடிவமே அவருடைய காலத்தில் மடாலயங்களில் திருந்திய கையெழுத்திலிருந்து வந்ததுதான். அவருடைய வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்டு, வயது முதிர்ந்த மன்னர் எழுதப் பழகுவதற்காகப் பலகைகளைத் தலையணையின்கீழ் வைத்திருந்ததையும், காலங்கடந்து தொடங்கியதால் அது கைகூடாமற்போனதையும் சொல்கிறார். எனக்குப் பிடித்த சார்லமேன் அவர்தான்.

ஆனால் கைப்பேசியில் வந்த செய்தி அவருடைய பள்ளிகளையோ பலகையையோ பேசவில்லை. தேசங்களைக் கிறிஸ்தவமாக்கினார் என்பதற்காகவே அவரைக் கொண்டாடுகிறது. எப்படி ஆக்கினார் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டது.

ரைன் நதிக்கும் எல்பே நதிக்கும் இடையே, இன்றைய வட ஜெர்மனியில், சாக்சோனியர் என்னும் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தனியொரு ராஜா இல்லை. தம் முன்னோரின் தெய்வங்களை வணங்கினார்கள். அவர்களுக்கும் பிராங்கியருக்கும் எல்லைச் சண்டைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தன. இரு தரத்தாரும் கொளுத்தினார்கள். இரு தரத்தாரும் கொள்ளையிட்டார்கள். 772-இல் சார்லமேன் அவர்கள்மேல் படையெடுத்து, இர்மின்சுல் என்னும் அவர்களுடைய புனிதத் தூணைத் தகர்த்தார். தகர்த்ததோடு நில்லாமல், அங்கிருந்த பொன்னையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு போனார் என்று அவருடைய அரண்மனை ஆண்டுக் குறிப்புகளே எழுதுகின்றன.

பாகாலின் பலிபீடத்தை இடித்த கிதியோனுக்கு அவரை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிதியோன் இடித்தது தன் தகப்பனுடைய பலிபீடத்தை. அயல்நாட்டான் வீட்டுக்குப் படையோடு போய் இடிக்கவில்லை. விக்கிரகங்களின்மேல் இருக்கும் பொன்னையும் வெள்ளியையும் இச்சிக்கவும் கூடாது என்ற கட்டளை உபாகமம் 7:25-இல் இருக்கிறது. பழைய ஏற்பாட்டைத் துணைக்கு அழைக்கிறவர்கள் அதை முழுவதும் அழைக்கவேண்டும்.

அந்தப் போர் 772-இல் தொடங்கி 804 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, விட்டுவிட்டு நடந்தது. அதன் நடுவில் வருகிறது 782. சாக்சோனியரின் தலைவரான விடுகிண்டு திரும்பவந்து மக்களைக் கிளர்ந்தெழச் செய்தார். சுண்டல் மலையடிவாரத்தில் பிராங்கியப் படையொன்று சிதறடிக்கப்பட்டது. அரசரின் தூதர் இருவரும், பிரபுக்கள் பலரும் மாண்டார்கள். குருமாரும் சிலர் கொல்லப்பட்டார்கள். சாக்சோனியர் நடுவில் ஊழியம் செய்துகொண்டிருந்த வில்லிஹாடு என்னும் மிஷனெரி உயிர்தப்பி ஓடவேண்டியதாயிற்று. இதையும் மறைக்கக் கூடாது. சாக்சோனியர் சாதுக்கள் அல்லர்.

சார்லமேன் விரைந்து வந்தார். விடுகிண்டு அதற்குள் டேனியரிடம் தப்பியோடிவிட்டார். கிளர்ச்சியில் சேர்ந்தவர்களை ஒப்புக்கொடுக்கும்படி சாக்சோனியப் பெருமக்களுக்குக் கட்டளை பிறந்தது. ஒப்புக்கொடுத்தார்கள். ஆலர் நதிக்கரையில் வெர்டன் என்னும் இடத்தில் 4,500 பேர் ஒரே நாளில் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள் என்று அரண்மனை ஆண்டுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. எண்ணிக்கையை மிகைப்படுத்தியிருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். என்னை அதிகமாக உறுத்துவது எண்ணிக்கைக்கு அடுத்து வரும் செய்தி. மன்னர் அங்கிருந்து தியோன்வில் அரண்மனைக்குப் போய்க் கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் கொண்டாடினார் என்று எழுதுகிறது அந்தக் குறிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை.

பிரியமானவர்களே, அங்கே சற்று நில்லுங்கள். ஏரோதும் பிள்ளைகளைக் கொன்றான். ஆனால் பெத்லகேமில் பிறந்தவருடைய திருநாளைக் கொண்டாடிவிட்டு அவன் தூங்கப்போகவில்லை.

இதற்குப்பின் சட்டம் வந்தது. சாக்சோனிய நாட்டுக்கென்று 782-க்கும் 785-க்கும் இடைப்பட்ட காலத்தில் இயற்றப்பட்டதாகக் கருதப்படும் அந்தச் சட்டத்தொகுப்பு இன்றும் நம் கையில் இருக்கிறது. நரபலி கொடுக்கிறவனுக்கு மரணதண்டனை. பேராயரையோ குருவையோ கொல்கிறவனுக்கு மரணதண்டனை. இவற்றைப் புரிந்துகொள்ளலாம். மேலே வாசியுங்கள். ஞானஸ்நானம் பெறாமல் தன் ஜனத்தாருக்குள் ஒளிந்துகொண்டு, பழைய மார்க்கத்திலேயே இருக்க விரும்புகிறவனுக்கு மரணதண்டனை. கிறிஸ்தவ மார்க்கத்தை அவமதித்து லெந்து காலத்தில் இறைச்சி உண்கிறவனுக்கு மரணதண்டனை. இறந்தவரின் உடலை முன்னோர் வழக்கப்படி தகனம் செய்கிறவனுக்கு மரணதண்டனை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓராண்டுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும். தவறினால் உயர்குடியினருக்கு 120, சுதந்திரருக்கு 60, கீழ்நிலையினருக்கு 30 பொற்காசு அபராதம். எல்லாரும் தசமபாகம் செலுத்தவேண்டும். ஒவ்வொரு ஆலயத்துக்கும் அவ்வூரார் நிலம் விடவேண்டும். அதோடு, 120 பேருக்கு ஓர் அடிமையையும் ஓர் அடிமைப் பெண்ணையும் ஆலயத்துக்குக் கொடுக்கவேண்டும்.

ஆலயத்துக்கு அடிமைகள்! ஞானஸ்நானத்தில் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடு இல்லை என்று கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபம் அந்த ஆலயங்களில் லத்தீனில் வாசிக்கப்பட்டிருக்கும். பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு லத்தீன் தெரிந்திருக்காது.

ஒரு சலுகையும் அதில் உண்டு, சொல்லிவிடுகிறேன். மரணதண்டனைக்குரிய குற்றத்தை மறைவாகச் செய்தவன் தானாகவே குருவிடம் ஓடிவந்து அறிக்கையிட்டு மனந்திரும்பினால், குருவின் சாட்சியின்பேரில் அவன் உயிர் தப்பலாம். இரக்கம்போலத் தோன்றுகிறது. ஆனால் பாவ அறிக்கை, குருவின் முழங்காலருகே உயிருக்கு மன்றாடும் விண்ணப்பமாக மாறிவிட்டது. அந்நிலையில் மெய்யான மனஸ்தாபத்தையும் மரண பயத்தையும் எந்தக் குருவால் பிரித்தறிய முடியும்?

785-இல் விடுகிண்டு சரணடைந்து அத்திஞியில் ஞானஸ்நானம் பெற்றார். சார்லமேனே ஞானத்தகப்பனாக நின்றார். அந்தக் காட்சியைப் பிற்காலத்தவர் அழகான ஓவியங்களாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கைப்பேசிச் செய்தியில் வந்த படமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதைக் கேட்டவுடன் சிலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ‘ஐயா, அந்தக் காலம் அப்படி. எட்டாம் நூற்றாண்டு மன்னரை இருபத்தோராம் நூற்றாண்டு அளவுகோலால் அளக்கலாமா?’ நல்ல கேள்வி. ஆகவே எட்டாம் நூற்றாண்டு அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அது சார்லமேனுடைய அரண்மனைக்குள்ளேயே இருந்தது.

இங்கிலாந்தின் யார்க் நகரத்திலிருந்து வந்து அவருடைய ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்தவர் அல்குயின். மன்னர்மேல் அளவற்ற அன்பு கொண்டவர். அரசவை வழக்கப்படி அவரைத் ‘தாவீது’ என்றே அழைத்தவர். 796-இல் பிராங்கியர் அவார் மக்களை வென்றபோது, சாக்சோனியரிடம் செய்த தவற்றை இவர்களிடமும் செய்துவிடுவார்களே என்று அல்குயின் அஞ்சினார். மன்னருக்கும், அரசாங்கக் கருவூலத்தைப் பார்த்த மெகின்பிரிதுக்கும், சால்ஸ்பர்க் பேராயர் ஆர்னோவுக்கும் கடிதங்கள் எழுதினார். அவற்றின் கருத்தை என் வார்த்தையில் தருகிறேன். விசுவாசம் மனம் விரும்பி ஏற்பது. கட்டாயத்தால் வருவது அன்று. ஒருவனை ஞானஸ்நானத் தண்ணீருக்குள் தள்ளலாம், விசுவாசத்துக்குள் தள்ள முடியாது. முதலில் போதிக்கவேண்டும், அதன் பிறகே ஞானஸ்நானம். தசமபாகத்தையும் அபராதத்தையும் வசூலிப்பதில் காட்டிய வேகத்தைக் கிறிஸ்துவின் இலகுவான நுகத்தைப் பிரசங்கிப்பதில் காட்டியிருந்தால் சாக்சோனியர் ஞானஸ்நானத்தை வெறுத்திருக்கமாட்டார்கள். விசுவாசத்தில் பிறந்து வளர்ந்த நாமே தசமபாகம் என்றால் முகம் சுளிக்கிறோம். நேற்று வந்தவர்களிடம் அதை அடித்துப் பிடுங்கலாமா? அப்போஸ்தலர்கள் உலகமெங்கும் போனபோது தசமபாகம் கேட்டுக்கொண்டா போனார்கள்?

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துணைக்குரு எழுதியது இது. (ஆம், அல்குயின் பேராயராகவில்லை, திருத்தொண்டராகவே இருந்து, தூர் நகரத்து மடத்தின் தலைவராக 804-இல் மரித்தார்.) அவர் சாக்சோனியப் போரையே எதிர்த்தார் என்று சொல்லி அவரை நம் காலத்தவராக்கிவிட நான் முயலவில்லை. மன்னரின் வெற்றிகளை அவரும் புகழ்ந்தார். ஆனாலும் வாளையும் ஞானஸ்நானத்தையும் ஒன்றாகக் கட்டுவது சுவிசேஷத்துக்கு விரோதம் என்பது அந்தக் காலத்து விசுவாசிக்கே தெளிவாய்த் தெரிந்திருந்தது. அவருக்கு முந்திய தலைமுறையில், 754-இல், பிரிசியர் நடுவே கொல்லப்பட்ட போனிபாசு, ஆயுதமெடுத்த தம் தோழர்களைத் தடுத்துவிட்டு மரணத்தை ஏற்றார் என்று அவருடைய வரலாறு சொல்லுகிறது. இத்தனைக்கும் அவர் பிராங்கிய அரசரின் பாதுகாப்பை நாடி ஊழியம் செய்தவர். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொன்னால் போனிபாசும் அல்குயினும் எந்தக் காலத்தவர்?

அல்குயினின் கண்டிப்பு வீண்போகவுமில்லை. 797-இல் சாக்சோனியருக்கு இயற்றப்பட்ட புதிய சட்டம் பல குற்றங்களுக்கு மரணதண்டனைக்குப் பதில் அபராதத்தை வைத்தது. நாத்தான்கள் பேசினால் தாவீதுகள் சில வேளைகளில் கேட்பார்கள். இன்று ஆட்சியாளர்களுக்கு மாலைபோட்டு மேடையில் நின்று தலையில் கைவைத்து ஜெபிக்கும் ஊழியக்காரர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டால் போதும்.

இன்னொரு வாதம் உண்டு. ‘முறை தவறாக இருக்கலாம், நோக்கம் கர்த்தருடைய மகிமைதானே?’ அதையும் சோதிப்போம். சார்லமேன் 774-இல் பாவியா நகரைப் பிடித்து லொம்பார்டு ராஜ்யத்தை விழுங்கினார். லொம்பார்டியர் கிறிஸ்தவர்கள்; அவர்களுடைய அரசர் தெசிதேரியு, சார்லமேன் மணந்து பின்பு தள்ளிவிட்ட பெண்ணின் தகப்பன். 788-இல் பவேரியாவைப் பறித்தார். அதன் பிரபு தாசிலோவும் கிறிஸ்தவர், அவருடைய உறவினர். 778-இல் ஸ்பெயினுக்குள் படையோடு போனது இஸ்லாமிய ஆளுநர் ஒருவருடைய அழைப்பின்பேரில். பாக்தாதில் ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீதோடு அவருக்கு நல்ல நட்பு. கலீபா அனுப்பிய யானை 802-இல் ஆகன் நகருக்கே வந்துசேர்ந்தது. (அபுல் அப்பாஸ் என்பது அதன் பெயர். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.) கலீபாவோடு நட்பு கொண்டதை நான் குறை சொல்லவில்லை. தூரத்திலிருக்கும் வலியவனோடு பரிசு மாற்றிக்கொண்டவர், பக்கத்திலிருக்கும் எளியவனிடம் மட்டும் கிறிஸ்துவின் பெயரால் வாளை நீட்டினாரே, அதைத்தான் கேட்கிறேன்.

இதற்கெல்லாம் சிகரமாக 804. எல்பே நதியின் இருகரையிலும் வாழ்ந்த சாக்சோனியரில் 10,000 பேரை மனைவி மக்களோடு பெயர்த்தெடுத்து, தம் ராஜ்யத்தின் பல பகுதிகளில் சிதறக் குடியேற்றினார் என்கிறார் ஐன்ஹார்டு. நதிக்கு அப்பால் காலியான அந்த நிலங்களை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? அபோத்ரித்து என்னும் ஸ்லாவிய மக்களுக்கு. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், விக்கிரகங்களை வணங்கியவர்கள். ஆனால் போரில் அவருடைய கூட்டாளிகள். ஞானஸ்நானம் பெறாவிட்டால் சாவு என்ற சட்டத்தை ஒரு மக்களுக்கு இயற்றி, அவர்களை வீட்டைவிட்டுத் துரத்தி, ஞானஸ்நானமே பெறாத இன்னொரு மக்களுக்கு அந்த வீட்டைக் கொடுத்தவரின் நோக்கம் கர்த்தருடைய மகிமை என்று நம்ப என்னால் இயலவில்லை. உங்களால் இயலுமா?

லூக்கா 14-ஆம் அதிகாரத்து விருந்து உவமையைக் காட்டி, வீடு நிறையும்படி கட்டாயப்படுத்த ஆண்டவரே சொன்னார் என்று வாதிடுகிறவர்கள் பழங்காலமுதல் உண்டு. மகா அகுஸ்தீனே தொனாத்தியருக்கு எதிராக அந்த வசனத்தை அப்படிப் பயன்படுத்தினார். சார்லமேன் விரும்பிக் கேட்ட நூல்களில் அகுஸ்தீனுடைய ‘தேவனுடைய நகரம்’ ஒன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நம் தமிழ் வேதாகமம் அங்கே ‘வருந்தி’ என்னும் சொல்லை வைத்திருக்கிறது. எத்தனை பொருத்தமான சொல்! கலியாண வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று வருந்தி அழைப்பதை நாம் அறிவோம். கழுத்தில் கத்தி வைத்து அழைத்தால் அதற்கு வேறு பெயர். உவமையில் எஜமான் அனுப்பியது ஊழியக்காரனை, சேவகனை அல்ல. விருந்தை மறுத்தவர்கள் விருந்தை இழந்தார்கள், தலையை இழக்கவில்லை.

ரோமர் 13-உம் இங்கே உதவாது. ஆளுகிறவன் கையில் பட்டயம் இருப்பது தீமை செய்கிறவனைத் தண்டிக்க. விசுவாசத்தை உண்டாக்கும் அதிகாரம் அந்தப் பட்டயத்துக்கு எங்கே கொடுக்கப்பட்டது? தேவனுடைய வார்த்தையால் விசுவாசம் வருகிறது என்று அதே நிருபத்தின் 10-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. பிலாத்துவின் முன் நின்றபோது நம் ஆண்டவர் தம்முடைய ராஜ்யம் எவ்விடத்ததல்ல என்று சொன்னாரோ, அதையே சார்லமேனைப் போற்றுகிறவர்கள் அவ்விடத்ததாக்கப் பார்க்கிறார்கள்.

‘பலன் நன்றாகத்தானே இருந்தது? சாக்சோனியர் கிறிஸ்தவர்களானார்களே!’ ஆனார்கள். 962-இல் பேரரசராக முடிசூடிய முதலாம் ஓட்டோ சாக்சோனியரே. ஆனால் வாள் விதைத்ததின் அறுவடையையும் பாருங்கள். சார்லமேன் இறந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகுமுன், 841-இல், சாக்சோனியரின் எளிய குடிமக்கள் ஸ்டெல்லிங்கா என்ற பெயரில் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டது தங்கள் முன்னோர் கிறிஸ்தவராகுமுன் வைத்திருந்த முறைமையைத்தான். அதைத் தருவதாக வாக்களித்து அவர்களைத் தம் பக்கம் இழுத்தவர் யார்? சார்லமேனுடைய சொந்தப் பேரன் லோத்தார், தம் சகோதரரோடு செய்த அரியணைச் சண்டைக்காக! இதை எழுதி வைத்த நிதார்டும் சார்லமேனுடைய மகள்வழிப் பேரன்தான். பாட்டனார் தலைகளை வெட்டி நிலைநாட்டிய மார்க்கத்தைப் பேரன் அரசியல் பேரத்தில் விட்டுக்கொடுக்கத் துணிந்தார். அரசன் கொடுத்த மார்க்கத்தை அரசனே திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும்.

கற்றுக்கொண்ட பாடத்தைச் சாக்சோனியர் மறக்கவுமில்லை. எல்பே நதிக்குக் கிழக்கே இருந்த ஸ்லாவியரை ஓட்டோவின் ஆட்சியாளர்கள் அதே வாளாலும் அதே தசமபாகத்தாலும் நடத்தினார்கள். 983-இல் அந்த மக்கள் பொங்கியெழுந்து ஹாவல்பெர்க், பிராண்டன்பர்க் ஆகிய பேராயப் பீடங்களை அழித்தார்கள். 1147-இல் அவர்கள்மேல் சிலுவைப் போரே அறிவிக்கப்பட்டது. வெட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டுகிறவர்களானார்கள்.

சாக்சோனியரின் உள்ளத்தைத் தொட்டது எது? ஒன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், பெயர் தெரியாத ஒரு கவிஞர் நான்கு சுவிசேஷங்களையும் சேர்த்து, சாக்சோனிய மொழியிலேயே, அவர்களுடைய பழைய பாட்டு முறையிலேயே, ஏறக்குறைய 6,000 அடிகளில் ஆண்டவருடைய சரித்திரத்தைப் பாடினார். ‘ஹேலியாந்து’ என்று அதற்குப் பிற்காலத்தார் பெயரிட்டார்கள். இரட்சகர் என்பது பொருள். கெத்செமனேயில் பேதுரு வாளை உருவும் இடத்தை அவர் சற்று உற்சாகமாகவே பாடுகிறார். போர்வீரர் குலத்தாரின் இரத்தம் எங்கே போகும்! ஆனாலும் அந்த வாளை உறையில் போடச்சொன்ன ஆண்டவரையும் பாடுகிறார். வெர்டனில் பெற்றோரை இழந்த ஒரு கிழவியும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தாய்மொழியில் சுவிசேஷத்தைப் பெற்றவர்களாகிய நமக்கு இதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி நம்மைக் குறித்து ஒரு வார்த்தை, கடினமான வார்த்தை. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நாம் என்ன சொன்னோம்? விசுவாசம் மனச்சாட்சியைச் சேர்ந்தது, அதை யாரும் கட்டாயப்படுத்தி உண்டாக்க முடியாது, கட்டாயத்தால் வந்தவன் கிறிஸ்தவனே அல்லன் என்று சொன்னோம். மெய்யாகச் சொன்னோம். அதே வாயால் சார்லமேனுக்கு அல்லேலூயா பாடலாமா? சிறுபான்மையாய் இருக்கும் இடத்தில் மனச்சாட்சியின் சுதந்திரம், ஆட்சி கிடைத்த இடத்தில் ஆலர் நதிக்கரை என்றால், நம் அயலகத்தார் நம்மைச் சந்தேகிப்பதில் என்ன தவறு? ‘கிறிஸ்தவ ராஜா வேண்டும்’ என்ற ஜெபத்தை அடுத்த வீட்டு இந்துச் சகோதரர் கேட்டால் அவருக்கு என்ன தோன்றும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? அவர் கேட்கும்படி உரத்து ஜெபிக்கத் துணியாத ஜெபத்தை நான் சபையில் ஜெபிக்கப்போவதில்லை.

ஆளுவோருக்காக ஜெபிக்கத்தான் வேண்டும். 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரம் அதைக் கட்டளையாகவே வைத்திருக்கிறது. அது எழுதப்பட்டபோது ரோமப் பேரரசை ஆண்டவர்களில் ஒருவனும் கிறிஸ்தவனல்லன். அவன் கிறிஸ்தவனாகித் தேசத்தை நமக்குக் கைப்பற்றித் தரவேண்டும் என்று அப்போஸ்தலன் கேட்கச் சொல்லவில்லை; கலகமில்லாமல் அமைதியாக நாம் வாழ வழியிருக்கவேண்டும் என்றே கேட்கச் சொன்னார். நீதியாய் ஆளுகிற யாராயிருந்தாலும், எந்த மார்க்கத்தாராயிருந்தாலும், அவருக்காக நாம் நன்றி செலுத்துகிறோம். கிறிஸ்தவப் பெயரைத் தாங்கி அநீதி செய்கிறவரைக் குறித்து வெட்கப்படுகிறோம்.

அரசவை நண்பர்கள் சார்லமேனைத் தாவீது என்று அழைத்ததைச் சொன்னேன். ஆகனில் அவர் கட்டிய பேராலயம் இன்றும் நிற்கிறது. ரோமாபுரியிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் தூண்களை வரவழைத்துக் கட்டினார். உள்ளே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். மெய்யான தாவீது அப்படியொரு ஆலயத்தைக் கட்ட ஆசைப்பட்டபோது கர்த்தர் ஏன் தடுத்தார் என்பது 1 நாளாகமம் 22:8-இல் எழுதியிருக்கிறது. அவனுடைய கையில் இருந்த இரத்தமே காரணம். இந்தத் தாவீதுக்கு அதை வாசித்துக்காட்ட யாரும் இல்லாமற்போனார்களோ என்னவோ. 1165-இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் விருப்பப்படி, எதிர்ப்போப்பாக இருந்த மூன்றாம் பாஸ்கால் அவருக்குப் புனிதர் பட்டமும் கொடுத்தார்.

வெர்டன் என்ன ஆயிற்று? திருச்சபை மறந்ததை வேறொருவர் நினைவில் வைத்திருந்தார். 1935-இல் நாசிகள் அங்கே 4,500 கற்களை நட்டு, சாக்சோனியர் தோப்பு என்னும் நினைவிடத்தை உண்டாக்கினார்கள். கொலையுண்டவர்கள்மேல் அன்பினால் அல்ல. கிறிஸ்தவத்தை ஜெர்மானியரின் பகையாகக் காட்ட அவர்களுக்கு ஓர் ஆயுதம் வேண்டியிருந்தது, நாமே செய்து வைத்திருந்த ஆயுதம் கிடைத்தது. பின்பு அதே நாசிகள் தங்களோடு சேர்ந்த பிரெஞ்சு வீரர்களின் படைப்பிரிவுக்குச் சார்லமேன் என்று பெயரிட்டார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். போருக்குப்பின் அந்தத் தோப்பு லுத்தரன் திருச்சபையின் கைக்கு வந்தது. இப்போது அங்கே அச்சபையின் இளைஞர் இல்லம் இருக்கிறது. தியான முகாமுக்கு வரும் பிள்ளைகள் அந்தக் கற்களின் நடுவே செல்லும் பாதையில் நடந்து போகிறார்கள்.